கடற்பிராணிகளைக் காணப் புறப்படுமுன்

தேர்வுகள் முடியும் தறுவாயில் புனேயிலுள்ள நம் குடும்பங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. ஊருக்குப் புறப்பட இன்னும் இரண்டு மூன்று வாரம் இருக்கிறது. ரயிலில் இடம் பதிவு செய்தாயிற்று. இடையில் வரும் சனி ஞாயிறுகளில் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது? சிங்ககட் கோட்டை ஏறியாயிற்று. லோணாவளாவில் சிக்கி வாங்கியாயிற்று. மகாபலேசுவரத்தில் ஸ்ட்ராபெரி தின்று பற்கூச்சமும் அடைந்தாயிற்று. இனிக் கடல்தான் மிச்சம். கடல் என்றதும் இக்காலத்துப் பிள்ளைகள் மணலையும் அலையையும் கேட்பதில்லை. "டால்பின் வருமா? பெங்குவின் இருக்குமா?" என்றே கேட்கின்றனர். அவற்றைக் காட்டித் தருவதாகச் சொல்லும் படகுக்காரரும் சுற்றுலா நடத்துவோரும் இன்று கொங்கணக் கரையெங்கும் பெருகியிருக்கின்றனர். எங்கே போகலாம், எங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று இப்பகுதியில் எழுதுமாறு அன்பர் சிலர் கேட்டனர். அவர்கள் பொருட்டு இம்மாதக் கட்டுரை.

பெங்குவினை முதலில் முடித்துவிடுவோம். நம் நாட்டின் கரை எதிலும் அப்பறவை இயற்கையாக வாழ்வதில்லை. நமக்கு அருகில் அதைக் காணக்கூடிய இடம் மும்பையின் பைகுலாவிலுள்ள வீரமாதா ஜீஜாபாய் போஸ்லே உத்யானம். ராணி பாக் என்றால் டாக்ஸிக்காரர் எவருக்கும் தெரியும். 2016-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தென்கொரியாவின் சியோல் நகரிலிருந்து எட்டு ஹம்போல்ட் பெங்குவின்கள் அங்கே கொண்டுவரப்பட்டன. அவற்றுள் ஒன்று அவ்வாண்டு அக்டோபரிலேயே இறந்துபோயிற்று. மற்றவற்றைப் பொதுமக்கள் பார்ப்பதற்கு 2017 மார்ச்சு மாதத்தில் அனுமதி பிறந்தது. பெரு, சிலி நாடுகளின் கடலோரத்தில் திரிய வேண்டிய பறவையை, மும்பையின் வெயிலுக்கு அஞ்சிக் குளிரூட்டிய கண்ணாடி அறைக்குள் வைத்துக் காட்டுகின்றனர். குழந்தைகள் குதூகலிப்பர், அதை நான் குறை சொல்லவில்லை. ஆயினும் அங்கே போய்வந்த குழந்தை பெங்குவினைக் கண்டதேயன்றிக் கடலைக் கண்டதாகாது.

நம்மவர் பிள்ளைகள் பலர் இப்போது ஆஸ்திரேலியாவில் உத்தியோகம் பார்க்கின்றனர். மெல்போர்ன் நகரத்துக்கு மகனையோ மகளையோ பார்க்கச் செல்லும் பெற்றோரை அவர்கள் முதலில் அழைத்துப் போவது அருகிலுள்ள பிலிப் தீவுக்கு. பகலெல்லாம் கடலில் இரை தேடிய சிறு பெங்குவின்கள், இருட்டத் தொடங்கியதும் கூட்டங்கூட்டமாகக் கரையேறித் தத்தம் வளைகளுக்கு நடந்து போகும். ஜனங்கள் படிக்கட்டுகளில் அமர்ந்து, கடற்காற்றில் நடுங்கியபடி, அவை வரும்வரை காத்திருக்கின்றனர். அங்கே படம் எடுக்கலாகாது. வெளிச்சம் பட்டால் அப்பறவைகள் மிரளும் என்பது காரணம். இதைவிட வியப்பானது ஒன்றுண்டு. அப்பறவைகள் வளை தோண்டும் நிலத்தில் ஒரு காலத்தில் வீட்டு மனைகள் போட்டு விற்று, வீடுகளும் எழும்பியிருந்தன. விக்டோரியா மாநில அரசு 1985-ல் தொடங்கி 2010-க்குள் அம்மனைகளையும் வீடுகளையும் விலை கொடுத்துத் திரும்ப வாங்கி, நிலத்தைப் பெங்குவின்களுக்கே விட்டுவிட்டது. கடற்கரை மனைக்கு நம்மிடையே உள்ள மோகத்தை நினைத்துப் பார்த்தால் இது எளிய காரியமன்று என்பது விளங்கும்.

காண வந்தவன் காத்திருக்க வேண்டும். காணப்படும் பிராணி தன் நேரத்தில், தன் வழியில் வரவேண்டும். பிலிப் தீவில் கடைப்பிடிக்கப்படும் இந்த முறை நமக்கு அருகிலேயே, புனேயிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு சிற்றூரிலும் கடைப்பிடிக்கப்படுகிறது. அவ்வூரின் பெயர் வேளாஸ்.

வேளாஸ், ரத்னகிரி மாவட்டத்தின் வடகோடியில், சாவித்ரி நதி கடலோடு கலக்குமிடத்துக்கு அருகில் இருக்கிறது. பக்கத்தில் பாண்கோட் கோட்டை. தாம்ஹிணி மலைவழியாக இறங்கி, மாண்காவ் சென்று, அங்கிருந்து மண்டணகட் மார்க்கமாகப் போகலாம். ஹரிஹரேசுவரத்தில் சுவாமி தரிசனம் முடித்துச் செல்வோர், பாக்மாண்ட்லாவில் மோட்டார் வண்டியையும் சேர்த்து ஏற்றிக்கொள்ளும் படகில் கழிமுகத்தைக் கடந்து அக்கரை சேரலாம். பிள்ளைகளுக்கு அந்தப் படகுப் பிரயாணமே பாதி விழா. புனேவாசிகளுக்கு இவ்வூரோடு ஒரு பழைய உறவும் உண்டு. பேஷ்வாக்களின் ராஜ்யத்தைத் தம் மதிநுட்பத்தால் தாங்கி நின்ற நானா பட்னவீஸின் முன்னோர் வேளாஸைச் சேர்ந்தவர்கள். நானா பேட்டில் காய்கறி வாங்கும் நம் இல்லத்தரசிகள், அப்பெயருக்குரிய குடும்பத்தின் பூர்வீகத்தை ஒருமுறை கண்டுவரலாம்.

ஆனால் இன்று அவ்வூருக்குப் புகழ் தேடித் தந்தவர் மந்திரி அல்லர், ஆமை. நம் தமிழ்நாட்டு மீனவர் பங்குனி ஆமை என்றும் சிற்றாமை என்றும் அழைக்கும் அதே கடலாமைதான். அது பங்குனியை ஒட்டி மிகுதியாகக் கரையேறுவதால் நம்மவர் அதற்கு மாதத்தின் பெயரையே சூட்டினர். கொங்கணத்தில் அது நவம்பர் முதல் மார்ச்சு வரையில் இரவு நேரங்களில் கரைக்கு வருகிறது. பெண் ஆமை அலைக்கு எட்டாத மேட்டு மணலில் பின்கால்களால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம் போன்ற குழி தோண்டி, நூறு நூற்றிருபது முட்டைகளை இட்டு, மணலை மூடி, தன் உடலாலேயே தட்டிச் சமன் செய்துவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. பிறகு அம்முட்டைகளை அது திரும்பிப் பார்ப்பதில்லை. தாய்மையின் மேன்மையைப் பேசும் நமக்கு இது சற்றுச் சங்கடமான செய்தி. ஆயினும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அவ்வினம் பிழைத்துவந்த வழி இதுவே. ஆணாவதும் பெண்ணாவதும் கூட மணலின் சூட்டைப் பொறுத்தது. மணல் சூடேறினால் பெண் குஞ்சுகள் மிகும். குளிர்ந்தால் ஆண் குஞ்சுகள் மிகும். உலகம் ஆண்டுதோறும் வெப்பமடைந்து வருவதை அறிந்தவர்கள் இதைக் கேட்டுக் கவலைப்படுவதில் நியாயம் உண்டு.

முற்காலத்தில் கொங்கணத்துக் கரையூர்களில் இம்முட்டைகளைத் தோண்டி எடுத்து உண்பதும் விற்பதும் வழக்கமாக இருந்தன. அதைக் குற்றமென்று யாரும் நினைத்ததில்லை. 2002-ஆம் ஆண்டில் சிப்ளூணைச் சேர்ந்த சஹ்யாத்ரி நிசர்க மித்ரா என்னும் இயற்கைப் பாதுகாப்பு ஸ்தாபனத்தார், வெண்வயிற்றுக் கடற்கழுகைப் பற்றிய கணக்கெடுப்புக்காகக் கரையோரம் சுற்றிக்கொண்டிருந்தபோது, வேளாஸ் மணலில் ஆமை முட்டை ஓடுகளைக் கண்டனர். கழுகைத் தேடி வந்தவர்கள் ஆமையைக் கண்டெடுத்தனர் என்றே சொல்ல வேண்டும். அதன் தலைவர் பாவூ காட்தரேயும் அவர் நண்பர்களும் கிராமத்தாரோடு பேசினர். முட்டை எடுத்தவர்களுக்கே முட்டை காக்கும் வேலையைக் கொடுத்தனர். எந்த இருட்டில் எந்த மேட்டில் ஆமை ஏறும் என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? அதிகாலையில் கரையை நடந்து பார்த்து, ஆமையின் தடத்தைக் கொண்டு குழியைக் கண்டுபிடித்து, முட்டைகளைப் பத்திரமாக எடுத்து, வேலியிட்ட ஓரிடத்தில் அதே ஆழத்தில், அதே வடிவத்தில் குழி தோண்டிப் புதைத்து, இட்ட தேதியைக் குறித்து வைக்கின்றனர். நாயும் நரியும் அங்கே நுழைய முடியாது. ஏறக்குறைய நாற்பத்தைந்து நாளிலிருந்து அறுபது நாளுக்குள் குஞ்சுகள் மணலைப் பிளந்துகொண்டு மேலே வருகின்றன.

காவலுக்குக் கூலி வேண்டுமே? நன்கொடையை நம்பி எத்தனை ஆண்டு நடத்துவது? இங்கேதான் அவர்களுக்கு ஒரு நல்ல யோசனை உதித்தது. குஞ்சுகள் கடலுக்குள் போவதை ஜனங்கள் வந்து பார்க்கட்டும் என்று 2006-ல் கடலாமைத் திருவிழா ஒன்றைத் தொடங்கினர். வருகிறவர்கள் தங்குவதற்குப் பெரிய ஓட்டல் எதுவும் கட்டவில்லை. கிராமத்து வீடுகளிலேயே திண்ணையிலும் கூடத்திலும் பாய் விரித்துத் தருகின்றனர். வீட்டுப் பெண்மணிகளே சமைத்துப் பரிமாறுகின்றனர். ஆகவே நாம் தரும் பணம் அந்த ஊரிலேயே தங்குகிறது. ஆமை வந்தால்தான் விருந்தாளி வருவார் என்பது ஊரில் சிறு குழந்தைக்கும் தெரிந்துபோன பின், முட்டை திருட யார் துணிவார்? சட்டம் செய்ய முடியாத காவலைச் சமையற்கட்டு செய்துவிட்டது. உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை: ஆவியில் வேகவைத்த மோதகம் நம் பூரணக் கொழுக்கட்டைக்குத் தங்கை முறை, கோகம் புளியும் தேங்காய்ப் பாலும் கலந்த ஸோல் கடி, ரசத்தை விட்டு இருக்கமாட்டாத நம்மவர்க்கும் இரண்டாம் கிண்ணம் கேட்கச் செய்வது.

காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, காவலர்கள் குழிகளின்மேல் கவிழ்த்துள்ள கூடைகளைத் தூக்கிப் பார்க்கின்றனர். குஞ்சுகள் வெளிவந்திருந்தால் அவற்றைக் கரைக்குக் கொண்டுசென்று, அலைக்குச் சில கஜ தூரத்தில் மணலில் விடுகின்றனர். நேரே நீரில் விடுவதில்லை. அச்சிறு தூரத்தை அவை தாமே நடந்து கடக்க வேண்டும். பார்வையாளர்களுக்கு இரு பக்கமும் கயிறு கட்டியிருக்கும். உள்ளங்கையில் அடங்கும் கரிய குஞ்சு, துடுப்பு போன்ற முன்கால்களால் மணலைத் தள்ளித் தள்ளி நகர்கிறது, அலை வந்து புரட்டிப் பின்னுக்குத் தள்ளுகிறது, மறுபடியும் நகர்கிறது. ஆயிரத்தில் ஒன்று பெரிதாக வளர்ந்தால் அதிகம் என்பர். அந்த ஒன்று எது என்று தெரியாத காரணத்தால் அங்கே நிற்பவர் ஒவ்வொரு குஞ்சுக்காகவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றனர். சந்தையிலும் கல்யாணத்திலும் வாய் ஓயாத நம் ஜனங்கள் அங்கே மௌனமாய் நிற்பதை நான் கண்டிருக்கிறேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் போகும் நாளில் ஒரு குஞ்சும் வெளிவராமல் போகலாம். இரண்டு நாள் தங்கிவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் உண்டு. அவர்களிடம் கிராமத்தார், "உங்களுக்காக ஒரு கூட்டைத் திறந்து காட்டுகிறோம்" என்று சொல்லுவதில்லை. அதனாலேயே அவ்வூர்மேல் எனக்கு மதிப்பு மிகுதி. பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரையில் வாய்ப்பு அதிகம். தொலைபேசியில் முன்கூட்டி விசாரித்து, எந்தெந்தக் கூடுகள் நாள் நிரம்பியிருக்கின்றன என்று கேட்டுக்கொண்டு புறப்படுவது புத்திசாலித்தனம். தாபோளி வட்டத்து ஆஞ்சர்லே கரையிலும் இவ்வாறே குஞ்சுகளை விடுகின்றனர்.

இனி ஓங்கில். டால்பின் என்று பிள்ளைகள் சொல்லும் பிராணிக்கு நம் கரையில் வழங்கும் பெயர் அதுவே. அது மீன் இனத்தைச் சேர்ந்ததன்று. நம்மைப்போல் காற்றைச் சுவாசித்து, கன்றை ஈன்று, பாலூட்டி வளர்ப்பது. தாபோளிக்கு அருகிலுள்ள முருட், ஹர்ணை, இன்னும் தெற்கே குஹாகர், மால்வண், தார்கர்லி முதலிய இடங்களில் படகில் அழைத்துச் சென்று காட்டுகின்றனர். (நாம் தினந்தோறும் போய்வரும் கர்வே சாலைக்குப் பெயர் தந்த மகரிஷி கர்வே வளர்ந்த ஊர் இந்த முருட்தான்.) அங்கெல்லாம் பெரும்பாலும் தென்படுவது முதுகில் திமில் போன்ற மேடுள்ள ஓங்கில். ஆழ்கடலை நாடாமல், கரையை ஒட்டிய ஆழமற்ற நீரிலேயே வாழ்வது. அதனாலேயே அதை எளிதாகக் காண முடிகிறது. அதனாலேயே அதற்கு ஆபத்தும் அதிகம். மீன்வலை, துறைமுகம், ஆலைக்கழிவு, படகு ஆகிய எல்லாம் மனிதன் கரையோரத்தில்தானே வைத்திருக்கிறான்! அழியும் அபாயத்திலுள்ள இனம் என்று உலக அளவில் 2017-ல் இதைப் பட்டியலிட்டனர். நம் நாட்டிலோ 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்குள்ள அந்தஸ்தே ஓங்கிலுக்கும் உண்டு.

சில ஆண்டுகளுக்குமுன் கொங்கணத்துக் கரையூர் ஒன்றில் இப்படகொன்றில் சென்றேன். ஊரின் பெயரும் படகின் பெயரும் இங்கே வேண்டா. விடிந்து சற்று நேரத்தில் கடல் கண்ணாடிபோல் கிடந்தது. ஒரு கரிய முதுகு எழுந்து மறைந்தது. அதை ஒட்டிச் சிறிய முதுகு ஒன்று. தாயும் கன்றும் என்று தெரிந்தது. அவ்வளவுதான், நான்கு திசையிலிருந்தும் படகுகள் எஞ்சினை முடுக்கிக்கொண்டு அந்த இடத்தை நோக்கிப் பாய்ந்தன. ஒரு படகில் சீட்டியடித்தனர், இன்னொன்றில் கைதட்டினர். அவை முழுகி வேறிடத்தில் எழுந்தால், படகுகளும் திரும்பி அங்கே ஓடின. எங்கள் படகில் பிம்ப்ரியிலிருந்து வந்த தமிழ்க் குடும்பம் ஒன்று இருந்தது. ஏழெட்டு வயதுச் சிறுவன் தன் தந்தையைப் பார்த்து, "அப்பா, அது விளையாடுகிறதா, நமக்குப் பயந்து ஓடுகிறதா?" என்று கேட்டான். தந்தை பதில் சொல்லாமல் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

கரை திரும்பியதும் படகோட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் வெட்கப்படவுமில்லை, மறைக்கவுமில்லை. "அருகில் போய்க் காட்டாவிட்டால் பாதிப் பணம்தான் தருவோம் என்கிறார்கள், தாதா. நான் தூர நிறுத்தினால் அடுத்த படகுக்காரன் அருகில் போவான். நாளைக்கு எல்லோரும் அவன் படகில்தான் ஏறுவார்கள்" என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. கரையில் "டால்பின் கட்டாயம் தெரியும்" என்று கூவினால்தான் ஆள் சேர்கிறது. கட்டாயம் என்று சொன்ன பின் துரத்தாமல் என்ன செய்வது? படகோட்டியைத் துரத்துகிறவர்கள் நாம். ஓங்கிலைத் துரத்துகிறவர் அவர்.

துரத்துவதால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பவர் உண்டு. ஓங்கில் கலங்கிய நீரில் கண்ணைவிடக் காதையே நம்பி வாழ்கிறது. தானே ஒலி எழுப்பி, அது பட்டுத் திரும்புவதைக் கொண்டு மீன் எங்கே, பாறை எங்கே, கன்று எங்கே என்று அறிகிறது. நான்கு எஞ்சின்களின் இரைச்சலுக்கு நடுவே அதற்கு எதுவும் கேட்பதில்லை. இரை தேடும் நேரமும், இளைப்பாறும் நேரமும், கன்றுக்குப் பாலூட்டும் நேரமும் ஒவ்வொரு விடியலிலும் பறிபோனால், நாளடைவில் அது அந்த விரிகுடாவை விட்டே விலகிப் போகும். பிற்பாடு படகோட்டிக்கும் பிழைப்பில்லை. ஒழுங்காக நடக்கும் நாடுகளில், குறைந்தது 50 மீட்டர் விலகி நிற்க வேண்டும், எதிரேயோ பின்னாலோ பாயாமல் பக்கவாட்டில் மெதுவாகச் செல்ல வேண்டும், ஒரே சமயத்தில் பல படகுகள் சூழலாகாது என்று விதி செய்திருக்கின்றனர். எஞ்சினை நிறுத்திக் காத்திருந்தால், அவற்றுக்கு விருப்பமிருக்குமாயின், தாமே அருகில் வருவதும் உண்டு. அந்தப் பாக்கியம் துரத்துகிறவனுக்குக் கிட்டுவதில்லை.

ஆகவே அன்பர்களுக்கு என் யோசனை இது. படகில் ஏறுமுன்னரே, உடைந்த மராத்தியிலாயினும் சரி, "நாங்கள் துரத்தச் சொல்ல மாட்டோம், தூர நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள், ஒன்றும் தெரியாவிட்டாலும் முழுப் பணமும் தருகிறோம்" என்று சொல்லிவிடுங்கள். ஓரிரு குடும்பம் சொன்னால் படகோட்டி சிரிப்பார். பருவம் முழுவதும் பத்தில் நான்கு பேர் சொன்னால் அவரே அதை வழக்கமாக்கிக்கொள்வார். எண்ணெய்ச் செலவும் மிச்சந்தானே! "கட்டாயம் தெரியும்" என்று கூவுகிறவரின் படகில் ஏறாதிருப்பதும் நம் கையில் உள்ளது. இரண்டு படகுகள் ஏற்கெனவே ஓரிடத்தில் நிற்கக் கண்டால் நம் படகை வேறு பக்கம் திருப்பச் சொல்லலாம். மழைக்காலத்தில் படகு விடுவதில்லை. அக்டோபரிலிருந்து மே வரையில், காற்று எழுவதற்கு முந்திய காலைப்பொழுதே உகந்தது.

ஓங்கிலைத் தொட்டியில் அடைத்து வளையத்தில் குதிக்கச் செய்து காட்டும் விளையாட்டு நம் நாட்டில் இல்லை என்பது ஓர் ஆறுதல். அதற்கு முன்பு சென்னைக்கு அருகில் ஒரு கசப்பான அனுபவம் நேர்ந்தது. 1990-களின் கடைசியில் பல்கேரியாவிலிருந்து கொண்டுவந்து வைத்த ஓங்கில்கள் சில மாதங்களுக்குள்ளாகவே மாண்டுபோயின. பின்னர், 2013-ஆம் ஆண்டு மே மாதத்தில் மத்திய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம், இத்தகைய காட்சிச்சாலைகளுக்கு அனுமதி தரலாகாதென்று மாநிலங்களுக்கு அறிவித்துவிட்டது.

மீண்டும் ஆமைக்கு வருவோம். பிழைப்பைத் தேடி ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு அதனிடம் ஒரு தனிப் பரிவு தோன்றக் காரணம் இருக்கிறது. மகாராஷ்டிர வனத்துறையைச் சார்ந்த மாங்குரோவ் அறக்கட்டளையும் இந்திய வனவிலங்கு நிறுவனமும் சேர்ந்து, 2022 ஜனவரியில் முதன்முறையாகக் கொங்கணத்து ஆமைகளின் முதுகில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் கருவியைப் பொருத்தின. வேளாஸில் கருவி பூண்ட முதல் ஆமைக்குப் 'ப்ரதமா' என்று பெயர். மறு ஆண்டு பிப்ரவரியில் குஹாகரில் இரண்டு ஆமைகள் பூண்டன. அவற்றுள் ஒன்றுக்குப் 'பாகேஸ்ரீ' என்று ராகத்தின் பெயரை இட்டனர். அந்தப் பாகேஸ்ரீ தெற்கே இறங்கி, கேரளக் கரையைத் தாண்டி, இலங்கையை அடைந்து, அதற்கப்பால் வங்காள விரிகுடாவுக்கே போய்ச் சேர்ந்தாள். மேற்குக் கடலின் ஆமை வேறு, கிழக்குக் கடலின் ஆமை வேறு என்று எண்ணியிருந்தவர்கள் வியந்தனர்.

எதிர்த்திசையிலும் ஒரு பிரயாணி வந்தது. ஒரிஸ்ஸாவின் கஹிர்மாதா கரையில் ஆமைகள் இலட்சக்கணக்கில் ஒருசேரக் கரையேறி முட்டையிடுவது உலகப் பிரசித்தம். அங்கே 2021 மார்ச்சில் ஓர் ஆமையின் துடுப்பில் 03233 என்னும் எண் பொறித்த உலோக வில்லையை விஞ்ஞானிகள் பொருத்தியிருந்தனர். 2025 ஜனவரி மாதக் கடைசியில் ஓர் இரவு, குஹாகர் மணலில் முட்டையிட வந்த ஆமையின் துடுப்பில் அதே எண் இருந்தது! ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். இலங்கையைச் சுற்றி வந்ததோ, பாம்பன் கால்வாய் வழியாகக் குறுக்கே நுழைந்ததோ, யாரும் பார்த்தவரில்லை. எவ்வழியே வந்தாலும் நம் தமிழ்க் கடலைக் கடக்காமல் வந்திருக்க முடியாது. கடகியிலும் தேஹு ரோட்டிலும் வேலைக்கு வந்து, பிள்ளை பெற்று, இங்கேயே வேரூன்றிய நம் முதியோரிடம் இச்செய்தியைச் சொன்னபோது, ஒரு பாட்டி, "அதற்கும் மாற்றல் உத்தரவு வந்துவிட்டது போலும்!" என்றார்.

ஆனால் அந்த வழி இடர் நிறைந்தது. அதே 2025 ஜனவரியில் சென்னைக் கரையிலும் அதை அடுத்த செங்கற்பட்டுக் கரையிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஆமைக்கும் நுரையீரல் உண்டு. இழுவலையில் சிக்கி வெகுநேரம் நீருக்கடியில் இருந்தால் மூச்சு முட்டி இறந்துபோகும். வலையில் ஆமை மட்டும் தப்பிச் செல்லும் வாயில் ஒன்றை அமைக்கும் சாதனம் இருக்கிறது. மீன் சிறிது குறையும் என்று அஞ்சி அதைப் பொருத்தாதவர் பலர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இவ்விஷயத்தைத் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

இந்தச் சென்னைக் கரையில்தான், வேளாஸுக்கு வெகுகாலம் முன்னரே, இரவில் நடந்து ஆமையைக் காக்கும் வழக்கம் பிறந்தது. 1970-களில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த ராமுலஸ் விட்டேகரும் அவர் நண்பர்களும் முட்டை திருடப்படுமுன் எடுத்துக் காக்கவென்று இரவிரவாக நடந்தனர். 1988 முதல் கடலாமைப் பாதுகாப்பு மாணவர் அமைப்பு அதை ஏற்று நடத்தி வருகிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரையில் மணலில் நடந்து, கூடுகளைத் தேடி, முட்டைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுகின்றனர். நகரத்தில் இது இன்றியமையாதது. குஞ்சுகள் இயல்பாகக் கடலின் மேலுள்ள வெளிச்சத்தை நோக்கிச் செல்லும். சென்னையிலோ கடலைவிடச் சாலை விளக்குகள் பிரகாசமாக இருப்பதால் அவை சாலைப்பக்கம் திரும்பி மடிகின்றன. பருவ காலத்து வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்லுகின்றனர். முன்பின் கடலாமையைப் பற்றிக் கேட்டறியாதவர்க்கும் நடக்கத் தொடங்குமுன் ஒரு மணி நேரம் விளக்கிச் சொல்லுகின்றனர். ஆண்டுக்கணக்காக இதைச் சம்பளமின்றிச் செய்துவரும் இளைஞர்கள் அவர்கள். கல்லூரி முடித்து வேலைக்குப் போன பின்னும் வந்து நடக்கிறவர்கள் உண்டு.

பொங்கலுக்கோ, மாசி, பங்குனியில் கல்யாண காரியங்களுக்கோ சென்னை செல்லும் நம் குடும்பங்கள் ஓர் இரவை இதற்கு ஒதுக்கலாம். ஆயினும் நடை நள்ளிரவை ஒட்டித் தொடங்கி விடியற்காலையில் முடிவது. ஏழு கிலோமீட்டர் போல மணலில் நடக்க வேண்டும். சிறு குழந்தைகளுக்கும் முழங்கால் வலியுள்ள பெரியோர்க்கும் ஏற்றதன்று. அவர்களுக்கு வேளாஸே சிறந்தது. அங்கே காலையிலும் மாலையிலும் சிறிது தூரம் நடந்தால் போதும். எங்கே போனாலும் குஞ்சைக் கையில் எடுக்கக் கேட்காதீர்கள், பளிச்சிடும் விளக்கோடு படம் பிடிக்காதீர்கள். சென்னை நடைக்குச் செல்வோர் டார்ச்சு விளக்கை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். கரையேறும் ஆமை எங்கேயோ ஒரு வெளிச்சம் அசைவதைக் கண்டாலும் முட்டையிடாமலே திரும்பிவிடும். வேண்டிய இடத்தில் விளக்குக் காட்ட உடன் வரும் மாணவர்களுக்குத் தெரியும்.